கறுப்புப் பலகையில் அப்பா முகம்: 3018 மெஷினில் புள்ளிப்படம், ஆலோசனை தேவை

#1 ஈசூன்_மரத்தூள் · சனி, இரவு 11.50

அண்ணன்மாரே, அக்காமாரே, கொஞ்சம் கை கொடுங்க.

அப்பாவுக்கு வர்ற மாசம் அறுபதாம் கல்யாணம். மண்டப வாசல்ல வைக்க அவர் முகத்தைப் புள்ளி புள்ளியா மரத்துல செதுக்கித் தரலாம்னு ஆசை. பழைய பத்திரிகைப் படத்தைக் கிட்டத்துல பார்த்தா வெறும் புள்ளி, தள்ளி நின்னா முகம் தெரியும்ல, அந்த மாதிரி.

மெஷின் 3018, கணினி சொல்றபடி செதுக்குற சின்ன சிஎன்சி மெஷின். மேசை 300க்கு 180 மி.மீ. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டு பாம் ஷெல்ட்டர்ல (பாதுகாப்பு அறை) அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. இரும்புக் கதவைச் சாத்திட்டா அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாது.

செஞ்சது இதுதான்: 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை), மேல கறுப்பு ஸ்ப்ரே ரெண்டு தடவை. 90 டிகிரி வி-பிட், அதாவது கூம்பு மாதிரி முனை உள்ள வெட்டு அலகு. அப்பா துறைமுக வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த படம். பைத்தான்ல நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். படம் எங்க இருட்டோ அங்க பெரிய புள்ளி, எங்க வெளிச்சமோ அங்க சின்னப் புள்ளி. அளவு 160க்கு 200 மி.மீ., புள்ளிக்குப் புள்ளி 2 மி.மீ. ஆக 80க்கு 100, எட்டாயிரம் புள்ளி.

எட்டரை மணி நேரம் ஓடிச்சு. காலையில கதவைத் திறந்தா அப்பா தலைமுடி வெளுத்து, முகம் கறுத்து, கண்ணு ரெண்டும் டார்ச் அடிச்ச பூனைக்கண்ணு மாதிரி இருக்கு. போதாததுக்கு வலது கன்னத்துல புள்ளியே சரியா விழலை, போகப் போகத் தேஞ்சு மறைஞ்சு போச்சு. மனைவி எட்டிப் பார்த்துட்டு, “இது அறுபதாம் கல்யாணத்துக்கா, திதிக்கா?”ன்னு கேட்டா.

எங்க தப்பு?

#2 தேக்கா_வாசி · சனி, இரவு 11.58

வீட்டுக்காரம்மா கேட்டது நியாயமான கேள்வி.

#3 ஜூரோங்_ஃபிட்டர் · ஞாயிறு, காலை 6.20

தம்பி, உங்ககிட்ட ரெண்டு தனித்தனி வியாதி இருக்கு. ஒண்ணா சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

முதலாவது, நெகட்டிவ். காகிதத்துல புள்ளின்னா மை, அது கறுப்பு. நீங்க கறுப்பு அடிச்ச பலகையைக் குடைஞ்சிருக்கீங்க. பிட் இறங்குற இடத்துல கறுப்பு போயி உள்ள இருக்கிற வெளிர் நிறம் தெரியும். அதனால உங்களுக்குப் புள்ளின்னா வெளிச்சம். முடியில பெரிய புள்ளி போட்டா முடி வெளுக்காம என்ன செய்யும்? படத்தைத் தலைகீழா மாத்திட்டா அது தீர்ந்துச்சு.

ரெண்டாவதுதான் நிஜமான தலைவலி. வலது பக்கம் தேயுறதுன்னா அங்க பலகை தாழ்ந்திருக்கு. 90 டிகிரி வி-பிட்டுல ஆழம் எவ்வளவோ அதுக்கு ரெண்டு பங்கு புள்ளியோட விட்டம். பிட் அரை மி.மீ. இறங்கினா 1 மி.மீ. புள்ளி. பலகை 0.2 மி.மீ. கூடக் குறைச்சல் இருந்தா விட்டத்துல 0.4 மி.மீ. மாறும். 2 மி.மீ. இடைவெளியில அது சாதாரண வித்தியாசம் இல்ல. எழுத்து செதுக்குறப்ப இந்த 0.2 உங்க கண்ணுக்கே தெரியாது, ஆனா முகத்துல ஒரு கன்னத்தையே தின்னுடும்.

பலகையை எப்படிப் பிடிச்சிருக்கீங்க? நாலு மூலையிலயும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தீங்கன்னா நடுவுல பலகை வில்லு மாதிரி தூக்கிக்கும்.

#4 உட்லண்ட்ஸ்_லேசர் · ஞாயிறு, காலை 9.05

இதுக்கெல்லாம் பிட் சுத்திக் குடையுற மெஷின் எதுக்கு? டயோடு லேசர் வாங்குங்க. வெள்ளை டைல்ஸ்ல பெயிண்ட் அடிச்சுச் சுட்டா இதைவிட ரொம்ப நுணுக்கமாப் போகலாம். ஆழம், மட்டம்னு எந்தத் தொல்லையும் இல்ல.

#5 ஈசூன்_மரத்தூள் · ஞாயிறு, காலை 10.30

லேசர் அண்ணே, ஷெல்ட்டர்ல காற்றோட்டம் கிடையாது. அங்க எம்டிஎஃப் தூளுக்கே முகமூடி, வேக்குவம் இல்லாம நான் நுழையறதில்லை. புகை வேற வந்தா என்னையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்க. அதோட எனக்குக் குழியா வேணும். அம்மா கண்ணு மங்கி வருது, விரல் வெச்சுத் தடவிப் பார்ப்பாங்க.

ஃபிட்டர் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே நாலு கிளாம்ப். இரும்பு ஸ்கேலைப் பலகை மேல நிறுத்தி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நடுவுல அடியில வெளிச்சம் இல்ல, ரெண்டு ஓரத்துலயும் கசியுது. தபால்காரர் மடிச்சுப் போட்ட கடிதம் மாதிரி இருக்கு.

#6 ஜூரோங்_ஃபிட்டர் · ஞாயிறு, மதியம் 1.15

நான் நினைச்சதுதான். எம்டிஎஃப் இந்த ஊரு ஈரத்துல ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சா கண்டிப்பா வளையும். அடிக்காத பக்கம் ஈரத்தைக் குடிக்கும், அடிச்ச பக்கம் குடிக்காது. ரெண்டு பக்கமும் அடிங்க.

அப்புறம் மேசை. 3018 அலுமினியச் சட்டத்தை நம்பாதீங்க. அது மேல ஒரு 12 மி.மீ. பலகையை நிரந்தரமா முடுக்கி, தட்டை பிட் போட்டு மெஷினை வெச்சே அந்தப் பலகையை முழுசா ஒரு தடவை சீவுங்க. அப்ப மேசை ஸ்பிண்டிலுக்கு (பிட்டைச் சுத்துற தண்டு) மட்டமாயிடும். அது மேல உங்க பலகையை முழுப் பரப்புக்கும் ரெட்டைப்பக்க டேப் ஒட்டி அமுக்குங்க. கிளாம்ப் வேண்டாம்.

மெஷினை ஓட்டுற கேண்டில் மென்பொருள்ல உயர வரைபடம் எடுக்கிற வசதி இருக்கு. பிட்டு தொட்டுத் தொட்டுப் பார்த்து, மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஆழத்தைத் திருத்திக்கும். சர்க்யூட் போர்டு செதுக்குறவங்க அதைத்தான் பயன்படுத்துறாங்க. ஆனா அதுக்கு மேற்பரப்புல மின்சாரம் பாயணும், எம்டிஎஃப்ல பாயாது. அலுமினிய ஃபாயில் டேப்பை மேல ஒட்டித் தொட்டுப் பார்த்துட்டு, உரிச்சிட்டு வெட்டலாம். நான் ஒரு தடவை செஞ்சேன், பெயிண்ட் டேப்போட கூடவே வந்திருச்சு. அதனால சீவுறதுதான் என் கட்சி.

எட்டரை மணி நேரம்னு சொன்னீங்களே, அதை விட்டுட்டேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல பிட்டு எவ்வளவு மேல தூக்குது? மெஷின் அமைப்புல $120, $121, $122னு மூணு முடுக்க எண் இருக்கே, அது எவ்வளவு?

#7 ஈசூன்_மரத்தூள் · ஞாயிறு, மதியம் 1.40

தூக்குறது 5 மி.மீ. அந்த மூணும் 10, 10, 10. Z வேகம், அதாவது பிட்டு ஏறி இறங்குற வேகம், நிமிஷத்துக்கு 600 மி.மீ. வெச்சிருக்கேன். ஆனா அந்த வேகத்துல ஓடுற மாதிரியே தெரியலை.

#8 கணக்கு_டீச்சர் · ஞாயிறு, மாலை 4.10

ஓடாது தம்பி. $122 என்பது முடுக்கம். 10 என்றால் நொடிக்கு நொடி வெறும் 10 மி.மீ. அளவுக்குத்தான் வேகம் கூடும். ஐந்தரை மி.மீ. தூரத்தில் பாதி வழி வேகம் பிடித்து, மீதி வழி வேகம் குறைக்க வேண்டும். உச்ச வேகத்தைத் தொடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஜூரோங்கில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே பேருந்து ஓடுகிற கதைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி ஆழம் அரை மி.மீ. என்று வைத்தால், இறங்க ஒன்றரை நொடி, ஏற ஒன்றரை நொடி, பக்கத்துப் புள்ளிக்கு நகர 0.9 நொடி. புள்ளிக்குக் கிட்டத்தட்ட 3.9 நொடி. எட்டாயிரத்தால் பெருக்கினால் உங்கள் எட்டரை மணி நேரம் வந்துவிடுகிறது.

தூக்கும் உயரத்தை 0.5 ஆக்கி, முடுக்கம் மூன்றையும் 100 ஆக்கினால் புள்ளிக்கு 0.7 நொடி. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். உச்ச வேகத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் நிரலில் விட்டத்தை வெளிச்சத்துக்கு நேர்விகிதமாக வைத்திருக்கிறீர்களா? அது தவறு. கண்ணுக்குத் தெரிவது பரப்பு. விட்டம் பாதியானால் பரப்பு கால்தான். 2 மி.மீ. கட்டத்தில் 1 மி.மீ. புள்ளி மூடுவது 20 விழுக்காடுகூட இல்லை. பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் 1.6 மி.மீ. புள்ளி வேண்டும். விட்டம் = 2 × இடைவெளி × √(வெளிச்சம் ÷ 3.14). இதைப் போடுங்கள்.

#9 ஜூரோங்_ஃபிட்டர் · ஞாயிறு, மாலை 4.32

டீச்சர் சொன்ன 100ஐ ஒரே தாவலா போடாதீங்க. 30, 60, 100னு ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு 200 புள்ளி காத்துல ஓட்டிட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பி வருதான்னு பாருங்க. மோட்டார் ஒரு ஸ்டெப் விட்டா அதுக்கு அப்புறம் எல்லாப் புள்ளியும் நகர்ந்து விழும். அப்பாவுக்கு மூக்கு காதுகிட்ட போயிடும்.

#10 தேக்கா_வாசி · ஞாயிறு, மாலை 4.35

அப்படி ஒரு படம் ஏற்கெனவே மியூசியத்துல கோடிக்கணக்குல போகுது. விட்டுடுங்க அண்ணே, லாபம்தான்.

#11 ஈசூன்_மரத்தூள் · வியாழன், இரவு 10.15

இரண்டாவது முயற்சி முடிஞ்சுது. மேசையைச் சீவினேன், பலகைக்கு ரெண்டு பக்கமும் பெயிண்ட், முழுக்க ரெட்டைப்பக்க டேப். முடுக்கம் 80லயே நிறுத்திட்டேன், 100ல Z மோட்டார் ஒரு மாதிரி உறுமுது. ஒரு மணி ஐம்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி! ஃபிட்டர் அண்ணே, உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கடன்.

ஆனா புதுசா ரெண்டு பிரச்சினை. டீச்சர் சொன்ன வர்க்கமூலம் போட்டேன், முகம் முழுக்கப் பவுடர் அப்பின மாதிரி வெளிறிப் போச்சு. கன்னக்குழி, தாடை நிழல் எதுவும் இல்ல. நெற்றியில புள்ளிகள் ஒண்ணோட ஒண்ணு முட்டி, நடுவுல நின்ன கறுப்புத் துணுக்கெல்லாம் பிய்ஞ்சு கொட்டிடுச்சு.

ரெண்டாவது, எம்டிஎஃப் உள்ள வெள்ளை கிடையாது, பிஸ்கட் நிறம். கறுப்புக்கும் அதுக்கும் எடுப்பே இல்ல. தள்ளி நின்னா மங்கலா ஒரு மனுஷன் தெரியறார். எங்க அப்பாவான்னு சொல்ல முடியலை.

#12 உட்லண்ட்ஸ்_லேசர் · வியாழன், இரவு 10.50

லேசர்காரன் பேச்சைக் கேட்க மாட்டீங்கன்னு தெரியும், இதை மட்டும் கேளுங்க. டீச்சர் கணக்கு சரி, ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கணினிப் படத்துல 0லிருந்து 255 வரைக்கும் இருக்கிற எண் நேரடி வெளிச்ச அளவு இல்ல. அதுல காமா வளைவு இருக்கு. நடுவுல இருக்கிற 128 திரையில பாதி வெளிச்சம் விடறதில்லை, சுமார் 22 விழுக்காடுதான் விடுது. நம்ம கண்ணுக்குத்தான் அது பாதி மாதிரித் தெரியும்.

இப்ப உங்க பழைய நிரலைப் பாருங்க. 128க்கு விட்டம் பாதி, பரப்பு கால். 22க்குப் பக்கத்துல 25! கறுப்புப் பலகையில வெளிச்சப் புள்ளி போடறவரைக்கும் உங்க பழைய நேர்விகிதமே கிட்டத்தட்ட சரியான விடை. நீங்க தெரியாமலே சரியா செஞ்சதை டீச்சர் தெரிஞ்சே திருத்திட்டாங்க.

வெள்ளைப் பலகையில கறுப்புப் புள்ளி போட்டா கதை தலைகீழ். அப்ப நேர்விகிதம் போட்டா 128 இருக்கிற இடத்துல கறுப்பு 20 விழுக்காடுதான் விழும், படம் சோகை பிடிச்ச மாதிரி ஆயிடும்.

#13 கணக்கு_டீச்சர் · வியாழன், இரவு 11.20

ஒப்புக்கொள்கிறேன். வடிவியலை மட்டும் பார்த்தேன், படத்துக்குள் இருந்த வளைவைப் பார்க்கவில்லை. மாணவன் இப்படிச் செய்திருந்தால் இரண்டு மதிப்பெண் குறைத்திருப்பேன்.

துணுக்கு பிய்ந்ததற்கு மட்டும் என் கணக்கு செல்லும். சதுரக் கட்டத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று தொடுவது 78.5 விழுக்காட்டில். அதைத் தாண்டினால் நடுவே நட்சத்திர வடிவில் கறுப்புத் தீவுகள்தான் மிஞ்சும், அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. விட்டத்தை 1.85 மி.மீ.க்கு மேல் போகாமல் கட்டிவையுங்கள். அது 67 விழுக்காடு. வெள்ளை கொஞ்சம் குறையும், ஆனால் நெற்றி நெற்றியாக இருக்கும்.

#14 பழைய_அச்சு · வெள்ளி, காலை 7.30

எல்லாருக்கும் வணக்கம். நான் கணினிக்காரன் இல்லை. பேரன் இந்த இழையைக் காட்டினான், தட்டச்சு அவனுடையது, சொல் என்னுடையது.

எழுபதுகளில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். டிரெடில் அச்சு மிஷின் இரண்டு. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், இரங்கல் துண்டறிக்கை. முகப்படம் வேண்டுமென்றால் பிளாக், அதாவது அச்சிடும் படத்தகடு, செய்கிறவரிடம் போட்டோவைக் கொடுப்போம். அவர் காமிராவுக்குள் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட கண்ணாடித் திரையை வைத்துப் படமெடுப்பார். செப்புத் தகட்டில் அமிலம் புள்ளிகளைச் சுற்றித் தின்றுவிடும், புள்ளி மட்டும் மேடாக நிற்கும். தகட்டை மரத்தில் அறைந்து அச்செழுத்தின் உயரத்துக்கு, அதாவது 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவருவார்கள். நீங்கள் செய்வதும் அதே தொழில்தான், அமிலத்துக்குப் பதில் பிட்.

1852இல் டால்பட் என்ற வெள்ளைக்காரர் மெல்லிய துணியைத் திரையாக வைத்துச் செய்ததில் தொடங்கி, 1882இல் ஜெர்மனியில் மைசன்பாக் காப்புரிமை வாங்கி, பிறகு ஊர் ஊராகப் பரவியது. கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய், சத்யஜித் ராயின் தாத்தா, திரையின் நுணுக்கத்தைப் பற்றி லண்டன் பென்ரோஸ் ஆண்டுமலரில் கட்டுரைகளே எழுதினார். நம் ஆள் என்பதால் எங்கள் முதலாளி அவர் பெயரை அடிக்கடி சொல்வார்.

இப்போது உங்கள் படம். மூன்று சொல்கிறேன்.

திரையைச் சாய்த்து வையுங்கள். புள்ளி வரிசை நேராகவும் கிடையாகவும் போனால் கண் வரிசையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. ஒற்றை நிறப் படம் என்றால் 45 பாகை. நாங்கள் வேறு கோணத்தில் பார்த்ததே இல்லை.

படத்தை வெட்டுங்கள். தோளும் சட்டையும் பின்னால் தெரியும் திரைச்சீலையும் எதற்கு? பத்திரிகைக்கு அங்குலத்துக்கு 65 கோடு, நல்ல தாளானால் 85. உங்கள் 2 மி.மீ. அங்குலத்துக்கு 13 கோடுகூட இல்லை. இருப்பதே 80 புள்ளி அகலம். முகத்துக்கு அதில் 25 போனால், கண் முக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு ஐந்து புள்ளிதான் மிஞ்சும். ஐந்து புள்ளியில் கண் வராது, கொசுதான் வரும். முகத்துக்கு 50 புள்ளி கொடுங்கள், கண்ணுக்குப் பத்துக் கிடைக்கும். பின்னணியைச் சமமான ஒரே இருட்டாக்குங்கள். விழியில் விழும் வெளிச்சப் பொட்டைக் கையால் கூட்டுங்கள். பிளாக்குக்கு அனுப்புமுன் நாங்கள் போட்டோ மேலேயே தூரிகை வைத்து வெள்ளை தொடுவோம். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது நிறம். பெயிண்ட் அடித்துவிட்டுச் செதுக்குவதை விடுங்கள். வெறும் பலகையைச் செதுக்குங்கள். பிறகு குழி, மேடு எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளை அடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கெட்டியான கை ரோலரில் கறுப்பு மையை மெல்லியதாகத் தேய்த்துப் பலகை மேல் உருட்டுங்கள். மை மேட்டில் மட்டும் ஒட்டும், குழி வெள்ளையாகவே நிற்கும். பிஸ்கட் நிறத்துக்கு இனி இடமில்லை. பிளாக்குக்கு மை போடுவது இப்படித்தான்.

மட்டத்தைப் பற்றி ஜூரோங் தம்பி சொன்னது முழுக்கச் சரி. எங்களிடம் சீவ மெஷின் கிடையாது. ஒரு படி ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் மங்குகிறதோ அந்தப் பக்கம் பிளாக்குக்கு அடியில் காகிதத் துண்டு ஒட்டுவோம். ஒரு முகத்துக்கு அரைநாள் போகும். சாதாரணத் தாள் ஒன்று 0.1 மி.மீ. இருக்கும். உங்கள் கணக்கில் அது புள்ளி விட்டத்தில் 0.2.

#15 ஜூரோங்_ஃபிட்டர் · வெள்ளி, காலை 8.05

ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். ஷிம் வெக்கிறதை நாங்க இப்பவும் அதே மாதிரிதான் செய்யறோம், தாளுக்குப் பதிலா பித்தளைத் தகடு.

45 பாகையில வெட்டும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ஒவ்வொரு நகர்வுலயும் ரெண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும். 3018 திருகுல கொஞ்சம் ஆட்டம் இருக்கும். போகும்போது ஒரு திசை, வரும்போது மறு திசைன்னு வெட்டினா ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நகர்ந்து நிக்கும். எல்லா வரிசையையும் ஒரே திசையில வெட்டுங்க. திரும்பி வர்ற நேரம் வீண், போகட்டும்.

#16 உட்லண்ட்ஸ்_லேசர் · வெள்ளி, காலை 8.40

புள்ளிக்குப் பதிலா கோடு போட்டா இந்தத் தொல்லையே இல்லையே? இருட்டுல மெல்லிசா, வெளிச்சத்துல அகலமா ஒரே கோடு. பிட்டு தூக்கி இறங்க வேண்டாம், பாதி நேரத்துல முடியும். இலவச ஹாஃப்டோனர் மென்பொருள்லயே அப்படிச் செய்ய முடியும்.

#17 பழைய_அச்சு · வெள்ளி, காலை 9.10

முடியும். ஆனால் கோடு போட்ட முகம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு வேண்டாம்.

#18 கணக்கு_டீச்சர் · வெள்ளி, மதியம் 12.30

இழந்த இரண்டு மதிப்பெண்ணை மீட்க ஒரு முயற்சி. 90 டிகிரி பிட்டை மாற்றி 60 டிகிரி போடுங்கள். பலகையில் 0.2 மி.மீ. பிசகினால் 90இல் விட்டம் 0.4 மாறும், 60இல் 0.23 மட்டுமே. ஒரு மி.மீ. புள்ளி 20 விழுக்காடு என்றால், அதே பிசகில் 90 டிகிரி அதை 38 ஆக்கும், 60 டிகிரி 30 ஆக்கும். ஆழத்தை 1.73 மடங்கு வைக்க வேண்டும், அதாவது 1.85 புள்ளிக்கு 1.6 மி.மீ. ஆறு மி.மீ. பலகைக்கு அது பெரிய ஆழமில்லை.

குழி ஆழமானால் ஐயா சொன்ன மை உள்ளே இறங்குவதும் குறையும் என்று நினைக்கிறேன்.

#19 ஜூரோங்_ஃபிட்டர் · வெள்ளி, மதியம் 12.45

ரெண்டு மார்க்கும் திருப்பித் தந்தாச்சு டீச்சர். ஆனா தம்பி, 60 முனை மெல்லிசு. கடைசியில இறங்கி நிக்க விடாதீங்க. முனையில வெட்டு வேகம் பூஜ்யம், நின்னா வெட்டாது, தேய்க்கும். எம்டிஎஃப் கருகும்.

#20 ஈசூன்_மரத்தூள் · பத்து நாள் கழித்து, திங்கள், இரவு 9.30

மன்னிச்சுக்குங்க, பத்து நாளாக் காணாமப் போயிட்டேன். ஐயா சொன்னதை எல்லாம் அப்படியே செஞ்சேன்.

சுங்கை காடுட்ல ஒரு மரக்கடையில மிச்சத் துண்டு எம்டிஎஃப் கேட்டு வாங்கினேன். வெட்டுறதுக்கு முன்னாடி சாண்டிங் சீலர் (மரத் துளையை அடைக்கிற பூச்சு) ரெண்டு தடவை. அது அடிக்காம வெட்டின மாதிரித் துண்டுல குழி ஓரமெல்லாம் பூனை முடி மாதிரி நாரு நிக்குது. சீலர் அடிச்சதுல சுத்தமா இருக்கு. மையும் ரோலரும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஆர்ட் ஃபிரண்ட்ல. எண்ணெய் கலந்த லினோ அச்சு மை.

60 டிகிரி, 45 பாகை, ஒரே திசை, பெரிய புள்ளி 1.85, பழைய நேர்விகிதம். முகத்துக்கு 52 புள்ளி. விழியில வெளிச்சப் பொட்டை நாலு பிக்சல் கூட்டினேன். வெட்ட ரெண்டு மணி நாற்பது நிமிஷம்.

வெள்ளை அடிச்சு ஒரு நாள் காய விட்டேன். ரோலரை எடுத்தப்ப கை நடுங்குச்சு. முதல்ல ஒரு தாள்ல மையை உருட்டி உருட்டி, ரோலர்ல மை ஒட்டி உரியற சத்தம் சின்னதாச் சலசலன்னு கேக்கிற வரைக்கும் மெல்லிசாக்கினேன், யூடியூப்ல பார்த்தது. அப்புறம் தாடையில இருந்து நெற்றிக்கு ஒரே இழு. ரோலர் போன பின்னாடியே அப்பா வர்றார். முதல்ல வாய், அப்புறம் மீசை, அப்புறம் மூக்கு. கிட்ட நின்னதால எதுவும் புரியலை, வெள்ளைப் பொட்டாத்தான் இருந்துச்சு. ஆனா மீசை இருந்த இடம் மட்டும் எனக்குத் தெரிஞ்சுது.

ஷெல்ட்டர் ஒன்றரை மீட்டர் அகலம்கூட இருக்காது, தள்ளி நிக்க எங்க இடம்? ஹாலுக்குக் கொண்டு வந்தேன், நாலு மீட்டர். அதுவும் பத்தலை. கடைசியில காரிடார் சுவர்ல சாய்ச்சு வெச்சுட்டு ஏழு மீட்டர் தள்ளி மின்தூக்கி வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். இருபது வயசு அப்பா, நேத்திக்குத்தான் கப்பல்ல இருந்து இறங்கின மாதிரி என்னைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி மீன் பையோட வந்தவங்க அப்படியே நின்னு, “உன் அப்பாதானே?”ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

குறையும் சொல்லிடறேன். அரை மி.மீ.க்குக் குறைஞ்ச புள்ளியெல்லாம் மையில அடைஞ்சு போச்சு. முடியில இருந்த மெல்லிசு மினுமினுப்பு காணோம், முடி ஒரே கறுப்பு. சட்டைக் காலர் பாதி காணோம். அப்புறம் எண்ணெய் மை இந்த ஊரு ஈரத்துல மூணு நாளாகியும் பிசுபிசுன்னு இருந்துச்சு. மின்விசிறியை அது பக்கம் திருப்பி வெச்சு, நாங்க வியர்த்துக்கிட்டுத் தூங்கினோம்.

#21 பழைய_அச்சு · அதே திங்கள், இரவு 10.00

சின்னப் புள்ளி அடைவது எல்லாக் காலத்திலும் உண்டு. அடுத்த முறை நிரலில் ஒரு வரி சேருங்கள்: 0.6க்குக் கீழே எது வந்தாலும், பாதிக்குக் கீழென்றால் புள்ளியே வேண்டாம், பாதிக்கு மேலென்றால் 0.6 ஆக்கிவிடு. முடி மினுமினுப்பு திரும்பி வரும். மை அடைந்ததைப் பழைய பல்துலக்கியால் டர்பன்டைன் தொட்டு எடுக்கலாம், இன்றைக்கே செய்தால்.

மை காயுமுன் ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தீர்களா? பலகை கையில் இருக்கிறது, மையும் இருக்கிறது, படி எடுக்காமல் விட்டால் அச்சுக்காரனுக்குத் தூக்கம் வராது.

#22 ஈசூன்_மரத்தூள் · செவ்வாய், இரவு 8.50

ஐயா, பல்துலக்கி வேலை செஞ்சுது. முடியில பத்து இருபது புள்ளி திரும்ப வந்திருச்சு.

படியும் எடுத்தேன். புதுசா ஒரு தடவை மை உருட்டி, மெல்லிசு ஜப்பான் தாள் வெச்சுக் கரண்டியோட அடிப்பக்கத்தால தேய்ச்சேன். பதினஞ்சு எடுத்ததுல ஆறு தேறுச்சு. அம்மாகிட்ட ஒண்ணைக் கொடுத்தேன். கிட்ட வெச்சுப் பார்த்தாங்க, தள்ளிப் பிடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: “நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பா இடப் பக்கம்தானே வகிடு எடுப்பார்?”

கண்ணு மங்கினவங்க. எட்டாயிரம் புள்ளியில நான் பார்க்காததை அவங்க பார்த்தாங்க.

#23 பழைய_அச்சு · செவ்வாய், இரவு 9.05

பிளாக் எப்போதும் கண்ணாடிப் பிம்பமாக வெட்ட வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலும் ஒருமுறை மறந்திருக்கிறேன், அது ஒரு மாப்பிள்ளைப் படம்.

#24 தேக்கா_வாசி · செவ்வாய், இரவு 9.12

பலகையில வகிடு சரியாத்தானே இருக்கு, அதை வாசல்ல வை லா. தாளை எல்லாம் கண்ணாடிக்கு எதிர்ல மாட்டிடு. மண்டப வாசல்ல ஏழு மீட்டர் தள்ளி நிக்க இடம் இருக்கா? கூட்டம் பலகை மேல மூக்கை வெச்சுப் பார்த்தா வெறும் பொட்டுதான் தெரியும்.

#25 ஈசூன்_மரத்தூள் · செவ்வாய், இரவு 9.20

நேத்து டேப் எடுத்துக்கிட்டுப் போய் அளந்துட்டேன். செருப்பு விடற இடத்துல இருந்து ஆறு மீட்டர் நாற்பது. அங்க எல்லாரும் எப்படியும் குனிஞ்சு நிமிருவாங்க.